நாசூக்கு: பொருள் அறிந்து பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிது. செய்தியாளர்கள் துருவித் துருவிக் கேட்ட ஒரு கேள்விக்கு ஓர் அமைச்சர் யாரையும் நோகடிக்காமல் பதில் சொல்ல மறுத்துவிட்டார் என்பது செய்தி. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே ஒரு வினையடைதான் இருந்தது. நான் 'தந்திரமாக மறுத்தார்' என்று எழுதிக் கொடுத்தேன். மூத்த உதவியாசிரியர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, அந்த மனுஷன் என்ன நரியா?" என்றார். 'தந்திரமாக' என்பதை அடித்துவிட்டு அதன் தலையில் 'நாசூக்காக' என்று எழுதினார்.

அகராதியில் சாதுரியம், சமயோசிதம், நயம், இங்கிதம், ராஜதந்திரம் என்று எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் ஆளே மாறிவிடுகிறார். அன்றிலிருந்து இந்த ஒரு சொல்லை மட்டும் காதில் விழும்போதெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு வருகிறேன். எழுதுகிறவர்களுக்கும், மொழிபெயர்ப்பவர்களுக்கும், வெளியூரில் வளர்ந்து தமிழைப் பாதியில் பிடித்தவர்களுக்கும் உதவும் என்று படிப்படியாகத் தருகிறேன்.

முதல் படி: சொல்லின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாசூக்கு பாரசீகத்திலிருந்து வந்த சொல். அங்கே 'நாஸுக்' என்றால் மெல்லிய, மென்மையான, எளிதில் நொறுங்கக்கூடிய என்று பொருள். இந்தியிலும் உருதுவிலும் அது 'நாஜுக்'. மராத்தியில் 'நாஜூக்'. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'நாஜூகு'. நம் சொல்லிலும் 'சூ' நெடிலாக இருப்பதைப் பார்த்தால், தில்லியிலிருந்து நேராக வராமல் அக்கம்பக்கத்து மொழிகளின் வாயில் புகுந்து வந்தது போலத் தோன்றுகிறது. தஞ்சையில் 1855 வரை மராட்டிய அரசர்கள் இருந்தார்கள், ஆற்காட்டில் நவாபுகள் இருந்தார்கள். ரசீது, குமாஸ்தா, தாசில்தார், வக்கீல் எல்லாம் இப்படிக் கச்சேரி, அதாவது அரசு அலுவலகம், வழியாக நம் வீட்டுக்குள் வந்த சொற்கள்தான். (வக்கீல் என்பவர் அந்தக் காலத்து அரசவைகளில் ஓர் அரசரின் சார்பாக இன்னோர் அரசரிடம் போய் உட்கார்ந்து பேசுகிற ஆளாகவும் இருந்தார். இன்றைய தூதரின் வேலை.)

வழியில் பொருள் நகர்ந்திருப்பதைக் கவனியுங்கள். இந்தியில் ஒரு நோயாளியின் நிலை 'நாஜுக்' என்றால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று அர்த்தம். தெலுங்கில் மெல்லிய இடையுள்ள பெண்ணை 'நாஜூகு' என்பார்கள். தமிழில் நொறுங்கும் பண்டத்தை விட்டுவிட்டு, அதைக் கையாளும் கைக்குப் போய்விட்டது சொல். நொறுங்குகிற ஒன்று எதிரே இருக்கிறது, அதை நொறுக்காமல் எடுக்கிற பாங்கு நாசூக்கு. அந்த நொறுங்குகிற ஒன்று பெரும்பாலும் எதிராளியின் முகம், அதாவது அவருடைய மரியாதை.

இரண்டாம் படி: மூன்று பயன்பாடுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதலாவது, முக்கியமானது: சங்கடமான ஒன்றை யாருக்கும் நோகாமல் சொல்வது, கேட்பது, மறுப்பது. 'நாசூக்காகச் சுட்டிக்காட்டினார்.'

இரண்டாவது: நளினம், மேல்தட்டுப் பாங்கு. 'விரல் நுனியில் சோறு படாமல் ரொம்ப நாசூக்கா சாப்பிடுறா.' இதில் பாராட்டும் உண்டு, லேசான கிண்டலும் உண்டு. வயலில் வேலை பார்ப்பவர்கள் ஒருவரை 'அவரு நாசூக்கான ஆளு' என்றால் அது பாராட்டு அல்ல.

மூன்றாவது: பிறர் கண்ணில் படாமல் ஒன்றை முடிப்பது. 'மேடைக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நாசூக்காகக் கழன்றுகொண்டார்.' 'பையிலிருந்து பர்ஸை நாசூக்காக உருவிவிட்டான்.' திருடனுக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது என்பதை மறக்க வேண்டாம். நாசூக்கு ஒரு கைத்திறன். அது நல்லவன் கையிலும் இருக்கும்.

இனி எழுதப் போவதெல்லாம் முதல் பொருளைப் பற்றியே.

மூன்றாம் படி: அண்டை வீட்டுச் சொற்களோடு குழப்பாதீர்கள்

இங்கேதான் அதிகம் தவறுகிறோம். நிதானமாகப் பார்ப்போம்.

இங்கிதம். வடமொழியில் இங்கிதம் என்றால் மனத்திலிருப்பதை வெளிக்காட்டும் முகக்குறி, உடற்குறி. தமிழில் அந்தக் குறியைப் படித்து நடக்கும் பண்பு. நண்பர் வீட்டுக்குப் போகிறீர்கள். கணவனும் மனைவியும் இப்போதுதான் சண்டை போட்டிருக்கிறார்கள், முகம் இரண்டும் உப்பிக் கிடக்கின்றன. அது உங்கள் கண்ணில் படுவது இங்கிதம். "அடடா, வண்டியில ஹெல்மெட்டை விட்டுட்டேன், எடுத்துட்டு வந்துடுறேன்" என்று வாசலுக்குப் போய்க் கால் மணி நேரம் கழித்து வருவது நாசூக்கு. முன்னது கண்ணின் வேலை, பின்னது வாயின் வேலை. இங்கிதம் தெரியாதவருக்கு நாசூக்கு வரவே வராது. இங்கிதம் இருந்தும் நாசூக்கு வராதவர்கள் உண்டு. எல்லாம் புரிந்து, நாற்காலி நுனியில் நெளிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். நான் அந்த வகை.

நயம். நயமாகப் பேசுகிறவருக்கு உங்களிடமிருந்து ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கும். 'நயமாகப் பேசி கையெழுத்து வாங்கிவிட்டான்' என்போம். நாசூக்கில் காரியம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உங்கள் சட்டைப் பொத்தான் கழன்றிருப்பதை நாசூக்காகச் சொல்கிறவருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

பக்குவம். இது அடுப்படிச் சொல். 'அம்மாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லு' என்றால் அவர் மனம் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல் என்று பொருள். பக்குவத்துக்கு நேரம் வேண்டும். நாசூக்கு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடலாம்.

முகதாட்சண்யம். எதிராளியின் முகத்தைப் பார்த்ததும் 'இல்லை' என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் நோய் இது. முகதாட்சண்யத்தால் கடன் கொடுத்தவர்தான் ஆறு மாதம் கழித்து அதை நாசூக்காகத் திருப்பிக் கேட்கும் நிலைக்கு வருகிறார்.

ஜாடை. மருமகள் காதில் விழ வேண்டும் என்று மகளைத் திட்டுவது ஜாடைப் பேச்சு. நேராகச் சொல்லவில்லை என்பதால் சிலர் இதையும் நாசூக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. ஜாடை குத்துவதற்காகவே சுற்றி வருகிறது.

மழுப்பல். இதுதான் நாசூக்கின் போலி. வழவழா கொழகொழா, பூசி மெழுகுவது, பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்று இதற்கு எத்தனை பெயர்! மழுப்பலில் யாருக்கும் நோகாது, உண்மைதான். விஷயமும் போய்ச் சேராது.

ராஜதந்திரம். நாடுகளுக்கிடையே நடப்பது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'இராஜதந்திரிகள்', 'இராஜதந்திர உறவு' என்பவை எந்த நெடியும் இல்லாத அலுவல் சொற்கள். தமிழ்நாட்டில் 'தந்திரம்' என்ற பாதி காதில் உறுத்துகிறது. ஒரு கட்சித் தலைவரின் ராஜதந்திரம் என்றால் யாரையோ கவிழ்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறோம். அதனால் தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது ஒரு தனிமனிதரின் பதமான பேச்சைக் குறிக்க இதைத் தொடாதீர்கள்.

குழப்பம் வந்தால் நான் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வேன். விஷயம் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா? கேட்டவரின் முகம் காப்பாற்றப்பட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நாசூக்கு. சேர்ந்தது, ஆனால் முகம் போயிற்று என்றால் முகத்தில் அடித்தாற்போல் சொன்னது. முகம் தப்பியது, விஷயம் சேரவில்லை என்றால் மழுப்பல். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று நம் ஊரில் சொல்வார்கள். பழத்தோல் கிழியவில்லை என்பதை எல்லோரும் பாராட்டுகிறோம். ஊசி முழுக்க உள்ளே போய்விட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: சரியான துணைச் சொல்லோடு சேர்த்து எழுதுங்கள்

இதற்கு வினை வடிவம் கிடையாது. 'நாசூக்காக' என்று வினையடையாகவோ 'நாசூக்கான' என்று பெயரடையாகவோதான் பெரும்பாலும் வரும். சொல், கேள், மறு, தவிர், விலகு, நழுவு, சுட்டிக்காட்டு, நினைவூட்டு, கையாள் ஆகிய வினைகளோடு நன்றாக ஒட்டும். கத்து, மிரட்டு, கெஞ்சு ஆகியவற்றோடு ஒட்டாது.

ஒற்று விஷயம்: நாசூக்காகச் சொன்னார், நாசூக்காகத் தவிர்த்தார் என்று மிகும். நாசூக்கான பதில், நாசூக்கான கேள்வி என்பவற்றில் மிகாது. சிலர் 'நாசுக்கு' என்று குறிலாக எழுதுகிறார்கள். நெடிலே சரி.

ஐந்தாம் படி: ஒரு பழைய மாதிரியைப் பாருங்கள்

சொல் பிற்காலத்தில் வந்தது. செயல் நம்மிடம் சங்க காலத்திலேயே இருந்தது. அதியமானுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் ஔவையார் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமைப்படுகிறான். ஔவை அங்கே பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. உன் வேல்களெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

கேட்டவன் எதைப் பிடித்துக்கொண்டு கோபப்படுவான்? அவனுடைய கொட்டிலை அவர் புகழ்ந்திருக்கிறார். தன் அரசனைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். ஒரு பொய் இல்லை, மிரட்டல் இல்லை. 'உனக்குப் போர் பழக்கமில்லை, அவனுக்குப் போரே தொழில்' என்ற செய்தி மட்டும் ஒரு குறைவும் இல்லாமல் இறங்கிவிட்டது.

அதே தொகையில் 45-ஆம் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோழர்கள் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதிக்கொள்ள நிற்கையில் கோவூர்கிழார் சொல்வது: நீயும் ஆத்தி சூடியிருக்கிறாய், உன்னோடு பொருகிறவனும் ஆத்தி சூடியிருக்கிறான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். இதுவும் சமரசப் பேச்சு. ஆனால் நாசூக்கு அல்ல, இடித்துரை. இரண்டு அரசர்களின் முகத்தையும் அவர் பொருட்படுத்தவில்லை, பொருட்படுத்த அங்கே நேரமும் இல்லை. எல்லாச் சமரசமும் நாசூக்கு ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

தூதுக்கு வள்ளுவர் தரும் இலக்கணம் 685-ஆம் குறளில்: 'தொகச்சொல்லித் தூவாத நீக்கி நகச்சொல்லி நன்றி பயப்பதாந் தூது.' சுருக்கமாகச் சொல், கடுஞ்சொல்லை நீக்கு, கேட்பவர் முகம் மலரச் சொல், பலன் வரட்டும். எனக்கு இதில் பிடித்தது முதல் சொல். நாசூக்கு என்றாலே நாலு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்று நினைக்கிறோம். அவர் 'தொக' என்று தொடங்குகிறார்.

ஆறாம் படி: செய்து பாருங்கள்

கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பது. சித்தப்பாவுக்கு 20,000 ரூபாய் கொடுத்து வருஷமாகிறது. "சும்மாதான் போன் பண்ணேன் சித்தப்பா, உடம்பு எப்படி இருக்கு?" என்று பேசிவிட்டு வைத்தால் அது மழுப்பல். "வாங்கினவங்கள்லாம் ஜாம்ஜாம்னு இருக்காங்க, குடுத்தவன் பாடுதான் திண்டாட்டம்" என்றால் ஜாடை, உறவும் அறும். "சித்தப்பா, ஜூன்ல பசங்களுக்கு ஃபீஸ் கட்டணும். உங்ககிட்ட இருக்கிற அந்த இருபதைக் கணக்குல வச்சுத்தான் ஏற்பாடு பண்ணிட்டிருக்கேன். மே கடைசிக்குள்ள தோதுப்படுமா, எப்படி?" இதில் தொகை இருக்கிறது, கெடு இருக்கிறது. 'நீங்கள் தரவில்லை' என்ற குற்றச்சாட்டு எங்கேயும் இல்லை. சித்தப்பா வெட்கப்படாமல் 'பாதி தர்றேன்ப்பா' என்று சொல்ல இடமும் இருக்கிறது. நாசூக்கான கேள்வியில் எதிராளி திரும்பிப் போக எப்போதும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டில் குறை சொல்வது. விருந்துக்குப் போன இடத்தில் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. "அத்தை, இன்னும் கொஞ்சம் சாதம் போடுங்க" என்று கேட்டு வாங்கிக் கலந்துகொள்வது உங்கள் தட்டுக்கு நாசூக்கு. ஆனால் அடுத்த பந்தி உட்காரப் போகிறது என்றால் அத்தைக்குத் தெரிந்தாக வேண்டும். அடுக்களைப் பக்கம் போய், "சாம்பார்ல ஒரு கை வெந்நீர் சேர்த்தா எல்லாருக்கும் காணும்" என்று காதோடு சொல்லுங்கள். உப்பு என்ற சொல்லே வரவில்லை. அத்தை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

பெண் பார்த்துவிட்டு மறுப்பது. நாசூக்கில் நம் சமூகம் செய்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. பஜ்ஜி, சொஜ்ஜி ஆனபின், பிடிக்கவில்லை என்றால் முதல் வாக்கியம்: "ஊருக்குப் போய்ப் பெரியவங்ககிட்ட கலந்துகிட்டுச் சொல்லி அனுப்புறோம்." ஒரு வாரம் கழித்து இரண்டாவது: "ஜாதகம் பொருந்தலையாம்." பெண் மீது குறையில்லை, வீட்டார் மீது குறையில்லை, எங்கள் மீதும் குறையில்லை. குற்றம் செவ்வாய் மீது. கிரகத்தோடு யாரும் வாதாட முடியாது, அது வந்து மறுப்பும் சொல்லாது. இரண்டு வீட்டாருக்கும் உண்மை தெரியும். அடுத்த கல்யாணத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடவும் முடியும்.

நாடுகளும் இதையேதான் செய்கின்றன. தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தின்படி, ஒரு நாடு தன் தூதரை அனுப்புவதற்கு முன் அந்த ஆளை ஏற்கச் சம்மதமா என்று எதிர் நாட்டிடம் கேட்டுப் பெற வேண்டும். மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை என்று நான்காம் பிரிவே சொல்கிறது. வந்து அமர்ந்துவிட்ட தூதரையும் ஏற்கத்தகாதவர் என்று காரணம் காட்டாமல் திருப்பி அனுப்ப ஒன்பதாம் பிரிவு இடம் தருகிறது. ஜாதகம் பொருந்தலை என்பதன் சர்வதேசச் சட்ட வடிவம். ஒரு வித்தியாசம், நம் ஆட்கள் பொய்யாகவாவது ஒரு காரணம் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு நம் வழியே கனிவாகப் படுகிறது.

ஏழாம் படி: வைக்கக் கூடாத இடங்கள்

மங்கலச் சொற்களுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். விளக்கு 'மலையேறியது' என்பதும், 'போயிட்டு வர்றேன்' என்று விடைபெறுவதும் நாசூக்கு அல்ல. 'கால் கழுவி வந்தேன்' என்பதும் அப்படியே. மங்கலம், இடக்கரடக்கல் என்று நன்னூல் இவற்றுக்குத் தகுதி வழக்கில் தனி இடம் கொடுத்திருக்கிறது. அவை ஊர் முழுக்க வழங்கும் தயார்ச் சொற்கள். நாசூக்கு அந்த நேரத்துக்கு அந்த ஆளுக்காகப் புதிதாகத் தைப்பது.

அடுத்தது எனக்குக் கோபம் வரும் இடம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "தம்பிக்குச் சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? குலதெய்வம் எது?" என்று வரிசையாகக் கேட்கிறார்கள். கேட்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், சாதி. அலுவலகத்தில் கோப்பை நகர்த்தாமல் "பார்த்துச் செய்யுங்க சார்" என்று புன்னகைப்பவரும் இந்தக் கூட்டம்தான். செய்தி முழுதாகச் சேர்கிறது, இரு முகமும் தப்புகிறது. என் இரண்டு கேள்விகளிலும் இவர்கள் தேறிவிடுகிறார்கள்! அதனால் இதை நாசூக்கு என்று எழுத வேண்டியதுதான். ஆனால் 'நாசூக்காகச் சாதியைக் கேட்டார்', 'நாசூக்காக லஞ்சம் கேட்டார்' என்று மறைத்த பொருளையும் சேர்த்தே எழுதுங்கள். 'நாசூக்காக விசாரித்தார்' என்று நிறுத்திக்கொண்டால் அவருடைய வேலையை நாமும் சேர்ந்து செய்தவர்களாவோம்.

மூன்றாவது, தவறினால் உயிருக்கு ஆபத்து என்கிற இடம். மின்கம்பி அறுந்து கிடக்கிறது, மருந்தின் அளவு மாறிவிட்டது என்பவற்றுக்கு உரத்த குரல்தான் சரி. மருத்துவர்கள் நோயின் பெயரை மறைத்து மழுப்புவதும் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஒரு தடவை ஒரு மருத்துவர் பேசக் கேட்டேன். மாமா நான்கு நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில். அந்த நான்கு நாளும் நோய் என்ன, என்ன செய்கிறோம் என்று எல்லாவற்றையும் அத்தையிடம் அவர் விவரமாகச் சொல்லியிருந்தார். ஐந்தாம் நாள் காலை வெளியே வந்தவர், அத்தை பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "அம்மா, வெளியூர்லேருந்து வர வேண்டியவங்க யாராச்சும் இருந்தா, இன்னிக்கே கிளம்பி வரச் சொல்லிடுங்க" என்றார். அத்தை அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கி, துபாயில் இருக்கும் மகனின் நம்பரைப் போடச் சொன்னார்.